கிறிஸ்துமஸுக்கு வேண்டாம், தவக்காலத்துக்கு வாங்க: கடலூருக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் எப்போது தேவை?

ஜெர்மனியிலோ அயர்லாந்திலோ ஒரு கத்தோலிக்க இளைஞர். படிப்பு முடிந்துவிட்டது, வேலையில் சேர இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. இந்த வருஷம் புனித காலத்தை வீட்டில் கழிக்காமல், எங்காவது தூர தேசத்தில் நாலு பேருக்கு உதவியாக இருந்து கழிக்கலாம் என்று நினைக்கிறார். உடனே மனதில் வருவது கிறிஸ்துமஸ்தான். லீவு கிடைக்கும், குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கலாம், போட்டோவும் நன்றாக வரும். அவர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, கூகுள் மேப்பில் கடலூர், சிதம்பரம் பக்கம் விரல் வைத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

அவருக்கு இந்தக் கடற்கரை சொல்லக்கூடிய நேர்மையான பதில்: "கிறிஸ்துமஸுக்கு வேண்டாம் தம்பி. முடிஞ்சா தவக்காலத்துக்கு வாங்க."

இது யாரையும் தடுப்பதற்கான பேச்சு இல்லை. 2004 முதல் கடலூர் மாவட்டம் பட்ட அடிகளையும் கத்தோலிக்கக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பதில்தான் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லாத, சர்ச்சுக்கே போகாத நம்மூர் இளைஞர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

புனித காலம் என்றால் என்ன?

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆண்டில் இரண்டு பெரிய காலங்கள் உண்டு. ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலமும் அதைத் தொடர்ந்து ஜனவரி முதல் பாதி வரை வரும் கிறிஸ்துமஸ் காலமும். இன்னொன்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்.

தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களில் மூத்த தலைமுறை இதை இன்றும் 'விபூதிப் புதன்' என்றே சொல்லும். கோயிலில் சாம்பலால் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார்கள். நடராஜர் கோயில் இருக்கும் ஊரில் நெற்றியில் சாம்பலோடு நடந்து போகும் வெளிநாட்டவரை யாரும் விநோதமாகப் பார்க்கப்போவதில்லை.

அங்கிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை மொத்தம் 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை நோன்பில் சேர்ப்பதில்லை என்பதால் 40 நாள் என்று கணக்கு. தேதி ஒவ்வொரு ஆண்டும் மாறும். ஆனால், பிப்ரவரி தொடக்கத்துக்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவில்தான் வரும்.

திருச்சபைச் சட்டம் கேட்பது குறைவுதான். சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாளும் நோன்பு. அதுவும் 18 வயது முடிந்தவர்களில் இருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பு. தமிழ்நாட்டில் மக்கள் அதையும் தாண்டிப் போவார்கள். பல குடும்பங்களில் 40 நாளும் வீட்டில் கவிச்சியே கிடையாது. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் உண்டு. வெள்ளிதோறும் சிலுவைப் பாதை நடக்கும். ஐரோப்பாவில் இருந்து வருபவருக்கு இதுவே முதல் ஆச்சரியமாக இருக்கும்.

செபம், நோன்பு, தர்மம். தவக்காலத்தின் மூன்று தூண்கள் இவை. மூன்றாவது தூணில்தான் வெளிநாட்டுச் சேவை வந்து சேர்கிறது.

தவக்காலத்துக்கும் வெளிநாட்டு உதவிக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. இன்று உலகம் முழுக்க நிவாரணப் பணி செய்யும் கத்தோலிக்க நிறுவனங்களில் சில, தவக்கால நோன்பில் இருந்து முளைத்தவை. சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசைத் தூர தேசத்தில் பசியில் இருப்பவருக்கு அனுப்பு என்பதுதான் மூல யோசனை.

1958ல் ஜெர்மனி ஆயர்கள் தொடங்கிய மிசேரியோர் இன்றும் தவக்காலத்தில் நன்கொடை திரட்டுகிறது. இங்கிலாந்தில் 1960ல் கத்தோலிக்கப் பெண்கள் ஒரு குடும்ப நோன்பு நாளை நடத்தினார்கள். டொமினிக்கா தீவில் தாய் சேய் நலனுக்காக நிதி திரட்டினார்கள். அதில் இருந்து 1962ல் கஃபோட் அமைப்பு வந்தது. அயர்லாந்தில் 1973ல் தொடங்கிய ட்ரோக்கரேயின் உண்டியல் பெட்டி, தவக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் 1975ல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் 'ரைஸ் பவுல்' தொடங்கியது. ஆப்பிரிக்காவின் சாஹேல் வறட்சிக்காகத் தொடங்கிய அந்த அட்டைக் கிண்ணம் பிறகு நாடு முழுக்கப் பரவியது.

கவனித்தால் ஒன்று புரியும். இந்த அமைப்புகள் கேட்டது முதலில் ஆளை இல்லை, காசை. அதையும் விருந்தின் மிச்சமாகக் கேட்கவில்லை, தன் தட்டில் இருந்து குறைத்துக் கேட்டன. தன்னார்வலராக விமானம் ஏறுபவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது. டிக்கெட் செலவு எவ்வளவு, அந்தக் காசை அப்படியே அனுப்பியிருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் பயணத்துக்கு நியாயம் இருக்கும். பதில் இல்லாமல் இல்லை. அதற்கு முன் கடலூரின் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

கடலூரின் டிசம்பர்

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தெற்கே கிள்ளை பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று கரையோரம் முழுக்க அடி.

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

2015 நவம்பர், டிசம்பர். தீபாவளி நேரத்தில் தொடங்கிய மழை விட்டு விட்டு அடித்தது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போனது.

2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, அந்த ஆண்டுத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது.

சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது, அதற்கு மாசம் கிடையாது. மற்ற மூன்றும் வடகிழக்குப் பருவமழையின் வேலை. ஐரோப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கும் திருவருகைக் காலம்தான் கடலூரில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் காலம். இங்கே டிசம்பர் என்றால் பண்டிகையும் இருக்கும், பயமும் இருக்கும்.

அப்படியென்றால் டிசம்பரில்தானே ஆள் தேவை? கேள்வி நியாயமானது. அந்த நேரத்தில் உண்மையில் காப்பாற்றுவது யார் என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஆட்கள் யார்?

சுனாமி நாளில் பரங்கிப்பேட்டையில் முதலில் கை கொடுத்தவர்கள் உள்ளூர் ஜமாஅத்தினர். அக்கம்பக்கத்து மீனவக் கிராமங்களில் இருந்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்து, நாள்கணக்கில் சமைத்துப் போட்டார்கள். கரையோரம் எங்கும் இதே கதைதான். உடல்களைத் தேடி எடுத்தவர்கள் அதே ஊர் மீனவர்கள். படகை ஓட்டத் தெரிந்தவர், ஓடை எங்கே ஆழம் என்று தெரிந்தவர், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தெரிந்தவர் யாரோ, அவர்தான் முதல் 72 மணி நேரத்துக்குத் தேவையானவர். இதை எந்த நாட்டில் இருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

இந்திய அரசு அப்போது வெளிநாட்டு அரசுகளின் உடனடி நிவாரண உதவி வேண்டாம் என்றே சொன்னது. ஆனால், தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பணமும் ஆட்களும் பொருட்களும் வந்து குவிந்தன. அதில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி பழைய துணி. கடலூர், நாகப்பட்டினம் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாக உடுத்திய துணிகள் கிடந்தன. மழையில் நனைந்தன, மாடு மிதித்தது. யாரும் எடுக்கவில்லை. நேற்று வரை சொந்தமாகச் சம்பாதித்துச் சாப்பிட்ட குடும்பத்துக்கு அடுத்தவர் போட்ட பழைய துணியைக் கையேந்தி வாங்க மனசு வராது. அப்படி ஒதுக்கப்பட்ட துணிகளில் ஒரு பெரும் பகுதியைப் பிறகு கூஞ்ச் அமைப்பு எடுத்துத் தரம் பிரித்து வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தியது.

கொடுத்தவர்களின் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால், பண்டிகைக் காலத்து உதவியில் ஒரு பழக்கம் இருக்கிறது. கொடுப்பவர் கையில் இருப்பதைக் கொடுக்கிறார். வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க நேரம் இருப்பதில்லை. ஜனவரி முதல் வாரத்தில் ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருக்கிறது.

சரி, தவக்காலத்தில் என்ன நடக்கிறது?

2005ல் சாம்பல் புதன் பிப்ரவரி 9. சுனாமி வந்து சரியாக 45 நாள். ஈஸ்டர் மார்ச் 27. இந்த இடைப்பட்ட நாட்களில் கடலூர்க் கரையில் இருந்த பிரச்னைகள் எதுவும் டி.வி.யில் காட்டக்கூடிய வகை இல்லை.

மக்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். பல இடங்களில் தார் ஷீட் போட்ட கொட்டகைகள். மாசி, பங்குனி வெயில் ஏற ஏற உள்ளே இருக்க முடியாது. பகலில் பெண்கள் குழந்தைகளோடு மர நிழல் தேடி வெளியே உட்கார்ந்திருப்பார்கள். நிரந்தர வீடு வர ஆண்டுகள் ஆனது.

அடுத்தது மீன். கடலில் உடல்கள் போனதால் மீன் சாப்பிடக் கூடாது என்று வதந்தி கிளம்பி, தமிழ்நாடு முழுக்க விற்பனை படுத்தது. ஐரோப்பியக் கத்தோலிக்கருக்குத் தவக்கால வெள்ளி என்றால் இறைச்சிக்குப் பதில் மீன். அந்த ஆண்டு கடலூரில் ஒருவர் மார்க்கெட்டுக்குப் போய் பேரம் பேசாமல் மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தால், நோன்பும் உதவியும் ஒரே தட்டில் நடந்திருக்கும். வேறு எந்தப் புனிதப் பயணத்திலும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்காது.

பிறகு படகு. கட்டுமரம் இழந்தவர்களுக்கு ஃபைபர் படகு கொடுக்கப் போட்டி போட்டு அமைப்புகள் வந்தன. கடைசியில் பல இடங்களில் முன்பு இருந்ததைவிடப் படகு எண்ணிக்கை கூடிப்போனது என்று பின்னால் வந்த மதிப்பீடுகள் சொல்லின. அதே நேரம், படகே வைத்திராத கூலித் தொழிலாளர்கள், தலித் குடும்பங்கள், உப்பங்கழியில் கையால் இறாலும் மீனும் பிடிக்கும் இருளர்கள் ஆகியோர் நிவாரணப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் அப்போதே சுட்டிக்காட்டின. யார் விடுபட்டார் என்பது முதல் வாரத்தில் தெரியாது. மூன்றாவது மாதத்தில்தான் தெரியும்.

ஈஸ்டருக்கு மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2005 மார்ச் 28 இரவு சுமத்ராவின் நியாஸ் தீவு அருகே மறுபடியும் பெரிய நிலநடுக்கம். எச்சரிக்கை பரவியதும் தமிழ்நாட்டுக் கடலோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பகுதிகளுக்கு ஓடினார்கள். அலை வரவில்லை. ஆனால், மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய தைரியம் ஒரே ராத்திரியில் போனது. கிறிஸ்துமஸ் லீவில் வந்து போனவர்களுக்கு இந்த இரவு தெரியாது. கூடவே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தானே புயலுக்குப் பிறகும் இதே கணக்குதான். 2012ல் தவக்காலம் பிப்ரவரி 22 முதல் ஏப்ரல் 8 ஈஸ்டர் வரை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூத்துக் காய்த்துக் கொட்டை பொறுக்க வேண்டிய காலம் அது. தோப்பே இல்லை. புதுக் கன்று நட்டால் நல்ல காய்ப்புக்குச் சில வருஷம் ஆகும். விவசாயிக்கு நஷ்டம் டிசம்பர் 30 அன்று கண்ணுக்குத் தெரிந்தது. கையில் காசு இல்லாமல் போனது பங்குனியில்தான்.

பொதுவாகவே இந்த மாதங்களில் சுமை அதிகம். மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. வெள்ளத்தில் புத்தகம் போன மாணவரும் அதே தேதியில்தான் எழுத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2025ல் தடை தொடங்கிய அந்தத் தேதி, புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. புயலில் பட்ட கடனை அடைக்க மீதமிருப்பது தை முதல் பங்குனி வரைதான். தவக்காலம் வருவது அந்த நெருக்கடியான மாதங்களில்.

வெளிநாட்டுக்காரரால் 40 நாளில் என்ன செய்ய முடியும்?

முதலில், செய்யக் கூடாதவை.

கட்டட வேலைக்கு வரக் கூடாது. செங்கல் தூக்கத் தெரியாத ஒருவர் செங்கல் தூக்கினால், உள்ளூர்ச் சித்தாளுக்கு ஒரு நாள் கூலி போகும்.

குழந்தைகள் இல்லத்துக்கு வந்து ஒரு மாதம் கொஞ்சிவிட்டுப் போகக் கூடாது. பெற்றோரை இழந்த குழந்தைக்குப் பாசம் காட்டிவிட்டு மறைந்துபோகும் ஆட்கள் வரிசையாக வந்தால் அது இன்னொரு இழப்பு. இதைச் சில சமூக ஆர்வலர்கள் மட்டும் சொல்லவில்லை. அநாதை இல்லச் சுற்றுலாவால் குழந்தைகளுக்கு வரும் ஆபத்தை 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையே தீர்மானத்தில் பதிவு செய்தது.

உதவிக்கு நடுவே மதம் பேசக் கூடாது. 1994ல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய பேரிடர் நிவாரண நடத்தை விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. அந்த விதிகளை முன்மொழிந்தவர்களில் சர்வதேச காரித்தாஸும் ஒன்று. ஆக, கத்தோலிக்கத் தன்னார்வலருக்கு இது வெளியாள் போட்ட கட்டுப்பாடு கிடையாது. நோன்பு அவருடையது. அரிசி மூட்டை எல்லோருடையது.

விசாவையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் இ-சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. தவக்காலமோ 46 நாள். முழுக் காலமும் இருந்து வேலை செய்ய நினைப்பவர் அதற்குரிய விசாவோடுதான் வர வேண்டும். ஏதோ ஒரு விசாவில் வந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கலாம் என்றால், மாட்டுவது அவரை அழைத்த உள்ளூர் அமைப்புதான்.

செய்யக்கூடியவை கொஞ்சம் சலிப்பானவை. கணக்குப் பதிவு. நன்கொடை கொடுத்தவருக்கு ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ அறிக்கை எழுதுவது. எந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு, பாஸ்புக், சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்று உள்ளூர் ஆட்கள் எடுத்த பட்டியலை எக்செல்லில் ஏற்றி, இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் எத்தனை முறை நடந்தார்கள் என்று குறித்துவைப்பது. மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கணக்கு சொல்லிக் கொடுப்பது. 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டுவிட்டு, பதில் முழுசாகப் புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேட்பது.

இன்னொரு வேலை அண்ணாமலை நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் போனால் பிச்சாவரம். போட்டிங் போகும் இடமாகத்தான் பலருக்குத் தெரியும். அங்கே சீரழிந்த அலையாத்திக் காட்டைத் திரும்பக் கொண்டுவர, வனத்துறையோடு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்து கால்வாய் முறையைச் செய்துபார்த்தது. நீர் தேங்கி உப்பு ஏறிய இடங்களில் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினால், கடல் ஏற்றவற்றத்தில் தண்ணீர் வந்து போய் உப்பு குறையும். அப்புறம்தான் கன்று பிழைக்கும். வாய்க்காலில் சேறு படியப் படியத் தூர்வார வேண்டும். சுனாமிக்குப் பிறகு, 2005 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு கடலூர் மாவட்டக் கரையை எடுத்துக்கொண்டு, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று காட்டியது. மரம் நடும் விழாவுக்கு ஆள் கிடைக்கும். தூர்வாரத்தான் கிடைக்காது.

போட்டோ போடலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. சாம்பல் புதன் திருப்பலியில் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதியின் சாரம் இதுதான்: தர்மம் செய்தாலும் செபித்தாலும் நோன்பிருந்தாலும் ஊர் பார்க்கச் செய்யாதே. ரீல்ஸ் காலத்துத் தன்னார்வலருக்கு இதைவிடக் கடினமான நோன்பு இருக்க முடியாது. பிரியாணியை விடுவது சுலபம். தார் ஷீட் கொட்டகை முன்னால் ஒரு குழந்தையைத் தூக்கிவைத்து எடுத்த படத்தைப் போடாமல் இருப்பதுதான் கஷ்டம். ஈஸ்டர் வரைக்கும் ஒரு படமும் போடாமல் இருந்து பார்க்கட்டும். அப்போதும் வேலை அதே ஆர்வத்தோடு நடக்கிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும்.

40 நாளும் குறைவுதானே?

குறைவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

இதே கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே பெரியநாயகி அன்னை ஆலயத்தை உருவாக்கியவர் கான்ஸ்டன்ட்டைன் ஜோசப் பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். இத்தாலிக்காரர். 1710ல் இந்தியா வந்தவர், 1747ல் இறக்கும்வரை திரும்பிப் போகவில்லை. அங்கே அன்னை சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணின் சாயலில் நிற்கிறார். அவர் தொகுத்த சதுரகராதி, தமிழ் அகராதி வரலாற்றில் ஒரு முக்கியமான திருப்பம்.

அவர் சமயம் பரப்ப வந்தவர். இன்றைய தன்னார்வலரின் வேலை அது இல்லை. காலமும் வேறு. ஆனால், ஒரு விஷயத்தில் அவரை அளவுகோலாக வைக்கலாம். அவர் இந்த ஊருக்குச் சொல்ல வந்ததைவிட, இந்த ஊரின் சொற்களைக் கற்கச் செலவழித்த நேரம் அதிகம். 37 ஆண்டு தர முடியாதவர் குறைந்தது 37 தமிழ் வாக்கியங்களாவது கற்றுக்கொண்டு வரலாம். முடிந்தால் அடுத்த தவக்காலத்துக்கும் அதே ஊருக்கு வரலாம். புது நாடு, புது ஊர் என்று பட்டியல் போடுவதைவிட, ஒரே ஊருக்கு மூன்று வருஷம் வருபவரால்தான் அந்த ஊருக்குப் பயன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதில் நன்மையே இல்லையா? இருக்கிறது. துக்கம் நடந்த வீட்டுக்கு உடனே போவதும் ஒரு மரியாதைதான். ஆனால், நம் ஊரில் துக்கத்துக்கு வந்தவர்களைவிட, காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு வாரம் கூட இருந்த சித்தியைத்தான் காலம் முழுக்க நினைத்துக்கொள்வார்கள். பேரிடருக்கும் அதே கணக்குதான்.

இதில் நமக்கு என்ன?

வெளிநாட்டுக்காரருக்குச் சொன்னது சென்னை, பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கும் பொருந்தும். கடலூரில் தண்ணீர் ஏறினால் அந்த வார இறுதியில் ஓ.எம்.ஆரில் இருந்து வேன்கள் கிளம்புகின்றன. பிரெட், பாய், பால் பவுடர், நாப்கின். நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். ஆனால், அதே வாட்ஸ்அப் குரூப் மார்ச் மாதம் என்ன செய்கிறது? பெரும்பாலும் 'மியூட்'டில் கிடக்கிறது. பேர் கூட மாற்றப்பட்டு டூர் குரூப் ஆகியிருக்கும்.

வழி ஒன்றும் சிக்கலானது இல்லை. டிசம்பரில் வசூலித்த பணத்தில் பாதியை மட்டும் செலவு செய்யலாம். மீதியை வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே தெருவுக்கு வெறுங்கையோடு இரண்டு பேர் போகலாம். பொருள் எதுவும் வேண்டாம். போய், "இப்போ என்ன நிக்குது?" என்று கேட்கலாம். ஒரு வீட்டில் இன்ஜின் ரிப்பேராக இருக்கும். இன்னொரு வீட்டில் தேர்வுக் கட்டணமாக இருக்கும். மூன்றாவது வீட்டில் வி.ஏ.ஓ. கையெழுத்துக்காக நாலு தடவை அலைந்த கதையாக இருக்கும். மீதிப் பணமும் மனுவை எழுதத் தெரிந்த ஒரு கையும் அப்போதுதான் உண்மையில் பயன்படும்.

ஜெர்மனியில் இருந்து வரப்போகும் அந்த இளைஞர் சாம்பல் புதனுக்கு முன்னால் வந்து, ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்பட்டும். சிதம்பரம் ரயில் நிலையத்தில் வழியனுப்ப யாராவது வருவார்கள். "திரும்ப எப்போ வருவீங்க?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு மாதத்தின் பெயரைச் சொல்ல அவரால் முடிந்தால், அந்தத் தவக்காலம் நன்றாகவே கழிந்தது.